இரண்டு பேருக்கு வடித்த சோறு

மதினி,

இன்று காலையில் கோழிக்கூட்டுக்குள் கையை விட்டபோது மெத்தென்று ஏதோ பட்டது. ஓடு இல்லாத தோல்முட்டை. ஈரத்தோடு என் உள்ளங்கையில் கிடந்து குலுங்கியது. உங்கள் செவலைக்கோழி இட்டது. கொஞ்ச நாளாக முட்டையே இடாமல் இருந்து, இட்டதும் இப்படி. உங்களிடம் காட்டலாம் என்று அதை ஏந்திக்கொண்டு அடுப்படி வரைக்கும் வந்துவிட்டேன்.

நீங்கள் இருந்தவரை நம் வீட்டில் தோல்முட்டை கண்டதில்லை. திரேஸ்புரம் கரையில் வலை உதறும் இடத்தில் கழித்துப் போடும் பொடிக் காரல் மீனை அள்ளி வருவீர்கள். உப்புப் படாமல் மாடியில் காயவைத்து இடிப்பீர்கள். அதில் கொஞ்சம், கம்பு, குருணை, தவிடு, ஒரு கை கடலைப் பிண்ணாக்கு. முருங்கைக் கீரையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவீர்கள், எக்கி எக்கிக் கொத்தட்டும் என்று. சிப்பி ஓட்டை மட்டும் தீனியில் கலக்க விடமாட்டீர்கள். முட்டை ஓடு கெட்டிப்பட அதை நொறுக்கித் தனியாக ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வைக்க வேண்டும். "அதுக்குத் தெரியும்ளா, எப்பம் வேணும்னு" என்பீர்கள்.

ஒருநாள் மத்தியானம் மிச்சச் சோற்றைக் கோழிக்குக் கொட்டப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டீர்கள். என் வீட்டுக்காரர் அப்போது உயிரோடு இருந்தார், உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏளா, சோத்தை மட்டும் போட்டா கொழுப்புதான் வைக்கும். என் தம்பியப் பாரு. சோறு சோறுன்னு தின்னு தொப்பை போட்டுருக்கான், ஒரு முட்டை உண்டா?" அவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. தலையில் தட்டியதும் நீங்கள்தான்.

அவர் போன பிறகு நாம் இரண்டு பேர், ஒரு உழக்கு அரிசி. இப்போது நீங்களும் இல்லை. ஆனாலும் கை அதே உழக்கைத்தான் முகந்தது. தினமும் உங்கள் பங்கு பானையில் மிஞ்சும். குப்பையில் கொட்ட மனசு வராது. கோழிகளுக்கு வைத்தேன். அவை வயிறு நிறைந்து நின்றுகொண்டு கம்பைச் சீண்டவே இல்லை. நானும் கரைப்பக்கம் போகவில்லை. சிரட்டை காலியாகக் கிடந்தது.

சென்னையிலிருந்து மகன், கோழியை விற்றுவிட்டுக் கிளம்பி வா என்கிறான். முட்டை இடாத கோழியைக் குழம்பு வைக்கத்தான் வாங்குவார்கள், மதினி. செவலையை அப்படிப் பிடித்துக் கொடுக்க என்னால் ஆகாது. அது போய்விட்டால் இந்த வீட்டில் நான் போகிற வழியிலெல்லாம் பின்னால் வர ஒரு உயிர் இல்லை.

அதனால் தீனிக்கடைக்குப் போனேன். என்ன போடுகிறேன் என்று அண்ணாச்சி கேட்டார். மிச்சச் சோறு என்றேன். கம்பை நிறுத்துக்கொண்டே, "ஒத்த ஆளுக்கு எம்புட்டுச் சோறு வடிக்கியக்கா?" என்றார்.

சும்மாதான் கேட்டார். நான் தராசையே பார்த்துக்கொண்டு நின்றேன். பையை வாங்கினேனா, அவரே கையில் கொடுத்தாரா, நினைவில்லை.

வரும் வழியில் கரையில் இறங்கிக் காரலும் சிப்பி ஓடும் எடுத்து வந்தேன். மத்தியானம் அரை உழக்கு அரிசி போட்டேன். கொதிக்கும்போது பானையின் அடியில்தான் சத்தம் கேட்டது. சாப்பிட்டேன். ஒன்றும் மிஞ்சவில்லை. கோழிகள் வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தன.

சாயங்காலம் சிப்பி ஓட்டை நொறுக்கிச் சிரட்டையில் வைத்தேன். செவலைதான் முதலில் வந்தது. டக், டக்கென்று கொத்திக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கம்பும் குருணையும் மீன்தூளும் கலக்கும்போது யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கை உங்கள் அளவுக்கே அள்ளியது. சோற்றுக்குத்தான் இனி என் அளவைப் பழக வேண்டும்.