லயலை என்னவென்று கூப்பிடுவது

செப்டம்பர் 14, சனி

மழை. வலை எடுக்கப் போகவில்லை. கோரலீ என் அம்மாவோடு உருளைக்கிழங்கு உரித்தபடி எங்கள் கிரீ மொழிச் சொற்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா மகள். ரெஜைனா நகரத்தில் யார் யார் வீட்டிலோ வளர்ந்து, இருபது வயதில், போன மாதம்தான் எங்களிடம் வந்து சேர்ந்தாள். மாலையில் கிரீ வகுப்புக்குப் போகிறாள். தண்ணீர், நெருப்பு, நாய் எல்லாம் வந்துவிட்டது. உறவுமுறைச் சொற்கள்தான் இன்னும் வரவில்லை.

"அடுத்த சனிக்கிழமை விருந்துக்கு லயல் சுரங்க வேலையிலேர்ந்து வர்றாராமே. அவரை என்னன்னு கூப்பிடணும்?"

என் அண்ணனை அவள் பார்த்ததே இல்லை.

"நீத்திம்."

"அண்ணன்னு அர்த்தமா?"

"அசல் அண்ணன்."

அது முறைமாப்பிள்ளையைக் கூப்பிடும் சொல். கட்டிக்கொள்ளும் முறை உள்ளவன், ஊர் பார்க்கச் சீண்டலாம். சிரிப்பை அடக்க வெளியே ஓடி நாய்க்கு மீன் போட்டேன். அது ஏற்கெனவே தின்றிருந்தது.

செப்டம்பர் 18

அடுப்படியில் நின்று சொல்லிப் பழகுகிறாள். வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லையாம், லயல் காதில்தான் முதலில் விழ வேண்டுமாம். உச்சரிப்பு பிரமாதம். வாத்தியார் யார்?

செப்டம்பர் 21, சனி

விருந்து. கூடம் நிறைய ஆட்கள். கோரலீ மூஸ் மான் கறித் தட்டை இரண்டு கையிலும் ஏந்திப்போய் லயல் முன்னால் நின்றாள்.

"நீத்திம், சாப்பிடுங்க."

கூடமே சிரிப்பில் வெடித்தது. "லயல், கல்யாணம் எப்படா?" லயல் காதுவரை சிவந்து தட்டையே பார்த்தான். கோரலீயும் சிரித்தாள், சரியாகச் சொல்லிவிட்டதாக நினைத்து. பிறகு ஒரு அத்தை அவள் காதில் ஏதோ சொன்னாள்.

அந்த முகம்.

நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். வாயை மூட மறந்துபோச்சு.

செப்டம்பர் 22

அம்மா சொன்னாள்: "வகுப்புல ரெண்டு சொல்லைக் குழப்பிக்கிட்டேன்னு அழறாடா. செவ்வாக்கிழமை ரெஜைனாவுக்கே போறாளாம். கைக்குழந்தையா இருந்தப்ப அரசாங்கத்து ஆளுங்க தூக்கிட்டுப் போனாங்க. இப்ப அவளாவே போறா."

நான் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ஏன் சொல்லல?

செப்டம்பர் 23

இன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

பையோடு வெளியே வண்டிக்குக் காத்திருந்தாள். "நான் வேணும்னேதான் தப்பா சொல்லிக் குடுத்தேன்" என்றேன்.

"தெரியும். அன்னைக்கே புரிஞ்சுது."

"அப்ப ஏன் நீ குழப்பிக்கிட்டதா சொன்னே?"

"உன்னை மாட்டிவிடக் கூடாதுன்னு. அக்கான்னா அப்படித்தானே செய்வாங்க?" குத்திக் காட்டவில்லை. "நெசமாத்தான் கேக்கறேன். எனக்குத் தெரியாது."

உள்ளே போய் அம்மாவிடமும் லயலிடமும் சொன்னேன். அம்மா அடுப்பையே பார்த்தாள். லயல் எழுந்து வெளியே போய் அவள் பக்கத்தில் நின்றான். என்ன பேசினான் என்று தெரியாது. வண்டி வந்தது. அவள் இல்லாமல் போனது.

செப்டம்பர் 29

"அக்காவுக்கு நிமிஸ்" என்றேன். கோரலீ லயலைப் பார்த்தாள். அவன் தலையாட்டிய பிறகுதான் சொல்லிப் பார்த்தாள்.

சரிதான். என் பேச்சுக்கு இனி சாட்சி வேண்டும்.

அக்டோபர் 5

மாவு வாங்கப் போனேன். கடை வாசலில் ஹோரஸ் கிழவர் மடக்கினார்.

"எங்கடா, உங்க அண்ணன் பொண்டாட்டி?"

நின்றிருந்தவர்கள் எல்லோரும் திரும்பி என் வாயைப் பார்த்தார்கள். நாக்கு நுனியில் சுடச்சுட நாலு பதில் இருந்தது.

"நிமிஸ் வீட்ல மீன் அறுத்துக்கிட்டு இருக்கா" என்றேன்.

இன்னும் ஏதாவது வரும் என்று கிழவர் காத்திருந்தார். மாவுப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.