இறங்கிக் கேட்டால் சொல்கிறேன் என்றாயே

அண்ணா,

இன்று காலை மாமா தோளில் ஒரு புதுத் துண்டு கிடந்தது. பச்சைக் கரை. மடிப்புகூடக் கலையவில்லை. அதைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீசல் நூறு லிட்டர் போட்டால் டிரைவருக்கு ஒரு துண்டு என்று ரயில்வே கேட் பங்க்கில் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் நீ, "துண்டு குடுக்கறவன் எதையோ மூடப் பாக்கறான்" என்று சிரிப்பாய். மாமா சிரிக்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னை நினைத்து அழுகிற நேரத்தைவிட உன்மேல் எரிச்சல்படுகிற நேரம்தான் அதிகமாக இருக்கிறது என்றால் நம்புவாயா? எல்லாம் இந்த டீசலால்தான்.

சனிக்கிழமைகளை நினைத்துப் பார்க்கிறேன். வாரம் முழுக்க நானும் அம்மாவும் உருட்டிய ஊதுபத்திக் கட்டுகளை மண்டி மொஹல்லாவில் மேஸ்திரியிடம் பத்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். பத்தைத் தாண்டினால் அவர் கதவைச் சாத்திவிடுவார், அடுத்த வாரம் வா என்பார். அது உனக்கும் தெரியும். இருந்தும் கட்டுகளை என் மடியில் வைத்து லாரியில் ஏற்றிக்கொண்டு, ஊரிலுள்ள பங்க்குகளை எல்லாம் எனக்குச் சுற்றிக் காட்டுவாய். ரயில்வே கேட் பங்க்கில் நுழைவாய். இன்ஜினை அணைக்காமலே தலையை வெளியே நீட்டி, "டேங்கர் பந்தித்தா?" என்று கன்னடத்தில் கத்துவாய். டேங்கர் வந்ததா என்று கேட்பதில் என்ன இருக்கிறதோ, அந்த ஆள் ஆமென்று தலையை ஆட்டியதும் வண்டியைத் திருப்பிவிடுவாய். அடுத்த பங்க்கிலும் இதே கூத்து. கடைசியில் ஊர்க் கோடியில் இருக்கும் புளியமரத்துப் பங்க்குக்குப் போய்த்தான் டீசல் போடுவாய். மூன்று கிலோமீட்டர் வந்த வழியே திரும்ப வேண்டும். பங்க் ஆட்கள் என்னைப் பார்ப்பார்களே என்று நான் சீட்டில் சரிந்து கிடப்பேன்.

டேங்கர் ஓட்டுகிற யாரோ ஒருவன் உனக்குச் சிநேகிதன், அவனைத்தான் இப்படித் தேடி அலைகிறாய் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் உன்னிடமே கேட்டேன்.

"எதுக்குண்ணா ஒவ்வொரு எடத்துலயும் டேங்கர் டேங்கர்ங்கற? மணி ஒம்பதரை ஆச்சு."

"அட, ஊமச்சி பேசுது!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினாய். "இந்தப் பங்க்குல நீ எறங்கிக் கேளு. கேட்டீன்னா எதுக்குன்னு சொல்றேன்."

"நான் மாட்டேன்."

"வாயத் தொறந்தா ஈ புகுந்துருமா?"

"மாட்டேன்னா மாட்டேன்."

"அப்ப நானும் சொல்ல மாட்டேன், போ."

அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு எத்தனையோ சனிக்கிழமை அதே பேரம். "எறங்கறியா?" என்பாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் கேட்ட கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்துதானே பள்ளிக்கூடத்தையே விட்டேன். பங்க்கில் இறங்கி, பத்து லாரிக்காரர்கள் பார்க்க, ஒரு கேள்வி கேட்பேனா? உனக்குத் தெரியாதா அது? தெரிந்துதான் கேட்டாய். பிறகு மஞ்சள் காமாலை வந்து, பதினெட்டு நாளில் போய்விட்டாய், சொல்லாமலே.

அனூரிலிருந்து மாமா வந்து லாரியை எடுத்தார். நல்லவர்தான். ஆனால் போன மாதம் நஞ்சன்கூடு சாலையில் வண்டி நின்றுவிட்டது. மூட்டைகள், நீ வழக்கமாக லோடு அடிக்கும் ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்வதற்குள் சாயங்காலமாகிவிட்டது. எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அண்ணன் புளியமரத்துப் பங்க்கில்தானே போடுவான். மாமாவிடம் நேரே சொல்ல எனக்கு வாய் வராது. அம்மாவிடம் சொன்னேன், அம்மா மாமாவிடம் சொன்னாள். மாமாவும் சரியென்று திங்கட்கிழமை அங்கேயே போய் டேங்க்கை நிரப்பினார்.

அன்றைக்கு வண்டி பாதி வழிகூடப் போகவில்லை. கட்டியிழுத்து மண்டி மொஹல்லா ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து போட்டார்கள். மாமாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நான் போனபோது மெக்கானிக் பாய் டீசல் ஃபில்டரைக் கழற்றி, அதில் இருந்ததை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார். காப்பி மாதிரி இருந்தது. அடியில் தண்ணீர் தனியாக நின்றது.

"டேங்கர் எறக்கினதும் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா பாய். நான் போறப்பத்தான் டேங்கர் வெளிய போச்சு," என்றார் மாமா.

"அதுதான். மேலருந்து ஊத்தறப்ப பூமிக்குள்ள இருக்கற டேங்க்குல அடிக்கசடு பூரா கலங்கி மேல வந்துரும். அரை நாளாச்சும் விட்டாத்தான் தெளியும். இந்த வண்டி ஓட்டுன தம்பி கேக்காம ஒரு சொட்டுப் போட மாட்டானே!"

சாப்பாட்டுத் தூக்குப்போசியைக் கையில் பிடித்தபடி நின்றேன். இவ்வளவுதானா அண்ணா? நீ பங்க்கைத் தேர்ந்தெடுத்தாய் என்று நினைத்தேன். அதையே மாமாவுக்கும் சொல்லி அனுப்பினேன். நீ தேடியதோ அன்றைக்குத் தெளிந்து கிடக்கிற டீசலை. புளியமரத்துக்கு டேங்கர் திங்கட்கிழமை வருமாம். நான் உன்னோடு வந்ததெல்லாம் சனிக்கிழமை. அதனால் என் கண்ணுக்கு அது ஒன்றே நல்ல பங்க்காகத் தெரிந்திருக்கிறது. இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற சமாசாரம். அதை வைத்துக்கொண்டு என்னிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாயே!

ஃபேக்டரி கேட்டில், இன்னொரு முறை தாமதமானால் லோடு வேறு வண்டிக்குப் போகும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அதற்கும் மேலே போய்விட்டாள். "இன்னொரு தடவ நின்னுச்சுன்னா வித்துரலாம். அவனே இல்ல, வண்டி என்னாத்துக்கு?" என்றாள். உன் லாரி, அண்ணா. முகப்பில் நீயே வரைந்த அந்தக் கோணல் மயில் இன்னும் அப்படியே இருக்கிறது.

டேங்கர் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போடச் சொல்லும்மா என்று மறுபடியும் அம்மா வழியாகச் சொல்லிப் பார்த்தேன். மாமாவுக்கு அன்றைக்கே புளியமரத்துப் பங்க் வெறுத்துப்போயிருந்தது. "டேங்கர் வந்தா என்ன, மாப்பிள்ளை வந்தா என்ன? டீசல் டீசல்தான். இதெல்லாம் கேட்டா நம்மள லூசும்பான்," என்று ரயில்வே கேட் பங்க்குக்குப் போய்விட்டார். இந்த வார ஆரம்பத்தில் துண்டு வந்தது அப்படித்தான், அதை இன்றுதான் எடுத்துப் போட்டிருக்கிறார். நேற்று வழியில் வண்டி இரண்டு தடவை இருமியதாம். அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

இன்று சனிக்கிழமை. பின்னால் நஞ்சன்கூடு லோடு, மடியில் என் ஊதுபத்திக் கட்டு. டீசல் அளவு காட்டும் முள் வேலை செய்யாததால் மாமா உன் அளவுக்குச்சியை டேங்க்கில் விட்டுப் பார்த்தார். நீ கட்டிய சிவப்பு நூலுக்கு இரண்டு விரல் கீழேதான் நனைந்திருந்தது. ஊருக்குள் சுற்றலாம், நஞ்சன்கூடு போகாது. நேரே ரயில்வே கேட் பங்க்கில் கொண்டுபோய் நிறுத்தினார்.

தரையில், பூமிக்குள் இருக்கும் டேங்க்கின் இரும்பு மூடியைச் சுற்றி ஈரம். மேலே போட்டிருந்த மணல் கலைந்து கிடந்தது. மாமா நம் வண்டியின் டேங்க் சாவியை எடுத்துக்கொண்டிருந்தார். எங்கே இருந்தாலும் நீ ஸ்டியரிங்கைத் தட்டி, "எறங்கறியா?" என்று இளிப்பாய் என்று தோன்றியது. உன்மேல் வந்த கோபத்திலேயே கதவைத் திறந்து இறங்கிவிட்டேன்.

முதல் தடவை குரலே வரவில்லை. பம்ப் அருகில் நின்றவர், "ஏனம்மா?" என்று கன்னடத்தில் என்ன வேண்டுமெனக் கேட்டார். மூன்று லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"டேங்கர் பந்தித்தா அண்ணா?"

"ஹூனம்மா, ஈக தானே காலி மாடி ஹோய்த்து."

இப்போதுதான் இறக்கிவிட்டுப் போனதாம். ஓடி வந்து ஏறிக்கொண்டேன்.

"மாமா, இங்க வேண்டாம். புளியமரத்துக்குப் போங்க. அங்க டேங்கர் திங்கக்கெழமதான்."

மாமா சாவியைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். எட்டு மாதத்தில் நான் அவரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஏம் புள்ள, உனக்கு இவ்ளோ பேச வருமா?" என்றார். "ரெண்டாவது துண்டு உங்கம்மாளுக்குன்னு நெனச்சேன், போச்சு." முனகிக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

மணி ஒன்பதே முக்கால். மேஸ்திரி இன்று கதவைச் சாத்தத்தான் போகிறார், சாத்தட்டும். புளியமரம் கண்ணில் பட்டது. இங்கேயும் கேட்டுவிட்டுத்தான் போடுவது என்று கட்டுகளைச் சீட்டில் வைத்தேன். வண்டி நிற்பதற்கு முன்பே கதவின் பிடியைத் திருகினேன்.