சித்தப்பா எழுந்து நின்ற ஞாயிறு

அன்பு மகள் சின்னுவுக்கு, அப்பா எழுதுறேன்மா. ஆண்டவர் கிருபையில இங்க நானும் அம்மாவும் நல்ல சுகம், உங்க வீட்லயும் அந்தச் சுகம் குறையாம இருக்கணும்னு தினமும் காலையில உன் பேரையும் மாப்பிள்ளை பேரையும் சொல்லித்தான் ஜெபத்தை முடிக்கிறோம். அம்மாவுக்கு இருமல் விட்டுருச்சு, ஆனா அவ மருந்தை விட மாட்டேங்கிறா, பாட்டில்ல மிச்சம் இருக்காம். சமையலறைக் குழாய் ஒழுகுறதை நானே சரி பண்றேன்னு இறங்கினேன், இப்ப ரெண்டு இடத்துல ஒழுகுது, அதை விடு. உன் கடிதம் கிடைச்சுது. ஆபீஸ்ல நீ செஞ்ச வேலையை மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க, ஆண்டவர் என்னைச் செதுக்குறாருன்னு நினைச்சுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லாம பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்பான்னு எழுதியிருந்தே. அதைப் படிச்சதுலேர்ந்து உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. போன ஞாயித்துக்கிழமை நடந்ததையும் சேர்த்து இப்பவே எழுதிடுறேன்.

உன் சித்தப்பா விஷயத்துல உனக்குத் தெரிஞ்சது பாதிதாம்மா. போன வருஷம் கிடங்குல சரக்குப் பெட்டி சரிஞ்சு விழுந்து, முழங்காலுக்குக் கீழ இடது காலை எடுத்தப்போ நீ வந்து பார்த்துட்டுப் போனே. அப்ப அவன் சிரிச்சுப் பேசினதெல்லாம் உனக்காக. நீ விமானம் ஏறின அன்னைக்கே ஜன்னலைச் சாத்திட்டான். இருபது வருஷமா பாடகர் குழுவுல கடைசி வரிசையில நின்னு அடிக்குரல் பாடினவன், சர்ச் பக்கமே வரலை. நாற்காலியில உட்கார்ந்து பாடுங்களேன்னு போதகர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டாரு, உட்கார்ந்தா குரல் வயித்தோட நின்னுடும் ஐயா, நிக்க முடிஞ்சா வர்றேன்னுட்டான். அவரும் நல்ல மனசோட, ஆண்டவர் கைதேர்ந்த சிற்பி, உங்களைச் செதுக்கிக்கிட்டு இருக்காருன்னு ஆரம்பிச்சாரு. அப்ப கை தவறிருச்சுன்னு ஒத்துக்கச் சொல்லுங்கன்னான் இவன். சித்தி வாயைப் பொத்திக்கிட்டு உள்ள ஓடினா, அழுதாளா சிரிச்சாளான்னு இன்னை வரைக்கும் சொல்லலை.

ஆஸ்பத்திரிப் பட்டறையில இருபத்தாறு வருஷமா கால் செஞ்சு மாட்டுறவன் நான், தம்பிக்கு நானேதான் செய்வேன்னு மத்தவங்களைத் தொட விடலை. மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுத்து, கால் நுழையுற கிண்ணத்தை வார்த்து, அரம் போட்டு இழைச்சு, என் கண்ணுக்கு அப்படி ஒரு காலை நான் செஞ்சதே இல்லை. மாட்டி எழுப்பினா வலிக்குதுங்கிறான். திரும்ப இழைச்சேன். வலிக்குதுங்கிறான். நாலாவது தடவை எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு, அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு, நீதான் மனசு வைக்க மாட்டேங்கிறேன்னு கத்திட்டேன். அவன் காலைக் கழட்டி மூலையில வீசினான். அளவு சரியா இருக்கலாம்ணே, கால் என்னோடது, வலிக்குதுன்னு சொன்னா நம்புறதுக்கு உனக்கு என்ன கேடுன்னு கேட்டான். என் தொழில்ல முதல் பாடமே அதுதானே சின்னு, அதைத் தம்பி வாயால திரும்பக் கேட்டேன். அப்படியே அவன் முன்னால தரையில உட்கார்ந்தேன். எங்கடா, விரலை வச்சுக் காட்டுன்னேன். காட்டினான். அந்த இடத்துல லிப்ஸ்டிக் தடவிக் காலை மாட்டி நிக்க வச்சுக் கழட்டினா, உறுத்துற இடம் கிண்ணத்துக்கு உள்ள சிவப்பாப் பதிஞ்சிடும், அங்க மட்டும் இழைச்சாப் போதும். பட்டறை லிப்ஸ்டிக் தீர்ந்து போயிருந்துச்சு. கூட வந்திருந்த சித்தி கைப்பையிலேர்ந்து எடுத்துக் கொடுத்தா, உன் கல்யாணத்துக்கு வாங்கினதாம், ஒரே ஒரு தடவைதான் போட்டுக்கிட்டாளாம். ஒரு மொச்சை அளவு கூட இல்லை அந்தச் சிவப்பு. அதை இழைச்சுட்டு மாட்டினேன். எழுந்தான், ஜன்னல் வரைக்கும் போனான், திரும்பி வந்தான். இன்னொரு தடவையும் போயிட்டு வந்தான். நான் அரத்தைத் துடைக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

அன்னையிலேர்ந்து ஒரே யோசனை எனக்கு. உளிக்குக் கீழ மரம் மாதிரி வாயைத் திறக்காம கிடக்கணும், அதுதான் விசுவாசம்னு நானும் நம்பினவன்தான். ஆனா உயிருள்ள உடம்புக்குச் செய்யுற வேலை அப்படி இல்லைம்மா, எங்க வலிக்குதுன்னு கேட்காம அரத்தை எடுக்க முடியாது. சாதாரண மனுஷன் எனக்கே இது தெரியும்னா, நம்மை உண்டாக்கினவருக்குத் தெரியாதா? சித்தப்பா காலை எடுத்தது ஆண்டவர்னு நான் சொல்ல மாட்டேன், அது பெட்டி சரிஞ்ச வேலை. அதுக்கப்புறம் நமக்கு முன்னால தரையில வந்து உட்கார்ந்து, எங்கடா உறுத்துதுன்னு கேட்குறாரே, அவர்தான் ஆண்டவர். அதனால பல்லைக் கடிக்காதே. ஜெபத்துல சத்தமாவே சொல்லு, சண்டை போடு, அழு, அவர் கோவிச்சுக்க மாட்டாரு. ஆபீஸ்லயும் எந்த இடம் சரியில்லைன்னு நேராக் கேளு. அவங்களுக்கும் வாய் இருக்குல்ல.

இப்ப ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். ஆராதனை ஆரம்பிச்சு நாங்க எல்லாம் எழுந்து நின்னுட்டோம், அப்ப பக்கவாட்டுக் கதவைத் திறந்துக்கிட்டு சித்தப்பா வர்றான், இஸ்திரி போட்ட சட்டை, கைத்தடி இல்லை. பாடகர் குழுவுல கடைசி வரிசைக்காரங்க ஒதுங்கி இடம் விட்டாங்க. அடிக்குரல் கிளம்புச்சு பாரு, குழுவை நடத்துற அம்மாவுக்குக் கை ஒரு நொடி அந்தரத்துலயே நின்னுருச்சு. உங்கம்மா அழுதுக்கிட்டே தப்பான வரியைப் பாடினா. பாட்டு முடிஞ்சு எல்லாரும் உட்கார்ந்தாச்சு, இவன் உட்காரலை. போதகர் பிரசங்கத்தைத் தொடங்கினாரு, இவன் நிக்கிறான். அவர் நிமிர்ந்து பார்த்தாரு, ஒரு பக்கத்தைப் புரட்டினாரு, திரும்பப் பார்த்தாரு, ரெண்டு மூணு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினாரு. எப்பவும் நாப்பது நிமிஷம் பேசுற மனுஷன் பன்னிரண்டே நிமிஷத்துல ஆமென் சொன்னாரும்மா. அந்த ஆமென்னைச் சபையே சேர்ந்து சொன்ன மாதிரி நான் எந்தப் பண்டிகையிலயும் கேட்டதில்லை. வெளிய வந்து, ஏண்டா உட்காரலைன்னு கேட்டேன். ஒரு வருஷமா உட்கார்ந்துட்டேண்ணே, போதும்னான்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் சாப்பிட வை. உங்க கையில எடுக்குற வேலை எல்லாத்தையும் ஆண்டவர் ஆசீர்வதிச்சு, உங்களை ஒருத்தருக்கொருத்தர் ஆறுதலா வச்சிருக்கட்டும். இந்த வாரமே மறக்காம சித்தப்பாவுக்கு ஒரு போன் போடு. கால் எப்படி இருக்குன்னு கேட்காதே, ஊரே அதைத்தான் கேட்குது. என்ன பாட்டுப் பாடினீங்கன்னு கேளு. போன்லயே பாடிக் காட்டுவான், எழுந்து நின்னுக்கிட்டு.

முத்தங்களோடும் ஜெபத்தோடும்,
உன் அப்பா