உன் மடியில் இருந்த சிவப்பு நோட்டு

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நான், மாப்பிள்ளை, உன் மகள் வாலு மூன்று பேரும் சுகம்தான், என் வலது முழங்கால் மட்டும் அந்தச் சுகத்தில் சேராது. உன் தோள்பட்டை வீக்கம் வடிந்ததா, கையைத் தலைக்கு மேலே தூக்க முடிகிறதா, உள்ளதை உள்ளபடி எழுது. ஒண்ணுமில்லம்மா என்று மட்டும் எழுதாதே. போனில் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய், நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன், அதனால்தான் கடிதம். என்னுடையது ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து, புள்ளி விட்டுப்போன இடத்தில் நீயே வைத்துப் படித்துக்கொள். எழுதி முடித்ததும் வாலு போனில் படம் பிடித்து இன்றைக்கே அனுப்பிவிடுவாள், காகிதம் பின்னால் தபாலில் வரும். சீக்கிரம் போய்ச் சேரவேண்டிய காரணம் இருக்கிறது, கடைசிவரை படி.

வாலு நாலாம் வகுப்பில் கணக்கில் முதல். இன்னும் ரெண்டே வருஷம், அப்புறம் நான் உன் கிளாஸைத் தாண்டிடுவேன் பாட்டி, நீ என்னைப் பார்த்தா எழுந்து நிக்கணும் என்கிறாள். அந்தத் திமிரைப் பார்த்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, யார் பேத்தி. நீ ராலிப் பந்தய வண்டியில் ஓட்டுகிறவள் பக்கத்தில் உட்கார்ந்து வளைவுகளை வாசிக்கிற மாதிரியே வீடு முழுக்க வாசித்துக்கொண்டு திரிகிறாள். கூடத்திலிருந்து குளியலறைக்குப் போனால்கூட வலது ரெண்டு, கதவு, ஈரம், ஜாக்கிரதை. ஒன்று என்றால் கொண்டை ஊசி வளைவு, ஆறு என்றால் வேகத்தைக் குறைக்காமலே போகலாம் என்று நீ சொல்லிக்கொடுத்ததை மாப்பிள்ளைக்கும் பாடம் எடுத்திருக்கிறாள். போன வாரம் அவர் டிப்போவிலிருந்து வந்து இரண்டு கையிலும் வாளித் தண்ணீரோடு வர, இவள் முன்னால் நின்று இடது ஆறு என்று சொல்லிவிட்டாள், அவரும் நம்பித் திரும்பி பீரோவில் போய் இடித்துக்கொண்டார். அது இடது ரெண்டுப்பா, மாத்திச் சொல்லிட்டேன் என்று சிரிக்கிறாள். கூடமெல்லாம் தண்ணீர். துடைத்தது யார், நான்தான். எல்லாம் சரி, ஆனால் அவள் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருப்பது யார் படம் தெரியுமா, உன் படம் இல்லை, ஓட்டுகிறவள் படம். கேட்டால் அம்மா படம் எந்தப் பேப்பர்லயும் வரலியே பாட்டி, நான் எங்க போவேன் என்கிறாள்.

மறைத்து என்ன ஆகப்போகிறது, எனக்கு வயிற்றெரிச்சல். மூன்று வருஷமாக நீ அந்த வண்டியில் ஏறுகிறாய், மூன்று வருஷமாக நான் ராலி போடுகிற நாளெல்லாம் டிவி முன்னால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் முகத்தை முழுசாகப் பார்த்தது இரண்டே தடவை. ஒரு தடவை நீ தும்மிக்கொண்டிருந்தாய், இன்னொன்றைப் பின்னால் சொல்கிறேன். அவள் வண்டியை விட்டு இறங்கினால் காட்டுகிறான், தண்ணீர் குடித்தால் காட்டுகிறான், முடியைக் கோதினால் அதை நிதானமாக இன்னொரு தடவை காட்டுகிறான். அவள் வந்தாள், அவள் திரும்பினாள், அவள் தாண்டினாள் என்று பேசுகிறவர் தொண்டை கிழியக் கத்துகிறார், ஏதோ பக்கத்து ஸீட்டில் காய்கறிப் பை வைத்திருக்கிற மாதிரி. மேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா என்று அவள் கனவு கண்டாளா? நீ முன்கூட்டியே போய் வளைவு வளைவாகப் பார்த்து எழுதி வைத்ததை வாசிக்கிறாய், அவள் காதால் ஓட்டுகிறாள். இதைக் கீழ்வீட்டுத் தையல்காரிக்கு எத்தனை தடவை விளக்குவது. ஏக்கா, உங்க பொண்ணு எங்கக்கா, அந்தக் கண்ணாடி ஓரத்துல தெரியுதே அந்த முழங்கையா என்று கேட்கிறாள், ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே. நானும் விடவில்லை, அந்த முழங்கை இல்லேன்னா வண்டி நேரா தண்ணிக்குள்ளதான்டி போகும் என்று சொன்னேன். என் வாயில் என்ன இருந்ததோ, அடுத்த வாரமே போயிற்று.

அவளையாவது விட்டுவிடலாம், ஓட்டுகிறவள், உயிரைக் கையில் பிடித்திருக்கிறாள். அவள் அம்மா என்ன ஓட்டினாள்? அந்த அம்மாவுக்குக் கூட்டத்தைத் தடுக்கிற கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாற்காலி, மடியில் கம்பளி, வாய்க்கு நேரே மைக். கேட்டதும் ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர், சொல்லிவைத்தாற்போல் கேமரா இருக்கிற பக்கத்துக் கண்ணிலிருந்து. அவர்கள் பாஷை நமக்குப் புரியாது, கீழே நம் எழுத்தில் போடுகிறான், நான் எழுத்துக்கூட்டிப் பாதி வரி போவதற்குள் ஓடிவிடுகிறது, மீதியை வாலுதான் வாசித்துச் சொல்வாள். போன தடவை அந்த அம்மா சொன்னதை மட்டும் முழுசாக நானே படித்தேன், ஏனென்றால் அது குட்டி வரி. என் மகள் கூட ஒரு பெண் இருக்கிறாள், நல்ல பெண். அவ்வளவுதான். கூட ஒரு பெண்! அப்புறம் அவள் மகள் தலையில் இருந்த நீலக் கம்பளிக் குல்லாவைப் பற்றிக் கேட்டான், நான் பின்னியது என்றாள், குல்லாவைக் கிட்டத்தில் காட்டினான், ஒவ்வொரு முடிச்சும் தெரிந்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. ஒரு குல்லாவுக்கு இவ்வளவு என்றால் என் கை என்ன சும்மா இருக்கிற கையா, இருபத்தாறு வருஷம் பைண்டிங் கடையில் நோட்டுத் தைத்த கை.

மறுநாளே பழைய கடைக்குப் போய்விட்டேன், முதலாளி இப்போது மகனிடம் விட்டுவிட்டார், பையன் நல்ல மாதிரி, மிஷினைத் தொட விட்டான். உனக்கு ஒரு நோட்டுத் தைத்தேன், சிவப்புத் துணி அட்டை, தாள் இருப்பதிலேயே வெள்ளை, வழவழவென்று, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. எதற்கு அந்தத் தாள் என்றால், டிவியில் பளிச்சென்று தெரியவேண்டும். சொரசொரப்பான பழுப்புத் தாள்தான் கை வேலைக்கு நல்லது என்று எனக்குத் தெரியாதா, தெரியும். பழுப்பு டிவியில் அழுக்காகத் தெரியுமே என்று விட்டேன். நீ போனில் ரொம்ப அழகா இருக்கும்மா, ஆனா பென்சில் கொஞ்சம் வழுக்குது, டீம்ல குடுத்த ஸ்பைரல் நோட்டு இருக்கு, இதைப் பத்திரமா வீட்டுல வைக்கட்டுமா என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன், அழுத்தி எழுதுடி, அவ அம்மா பின்னின குல்லா போகலாம், உங்கம்மா தைச்ச நோட்டு போகக்கூடாதா என்று. அதற்கப்புறம் நீ ஸ்பைரல் பேச்சையே எடுக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் போட்டான். தையல்காரி, வாலு, நான், மாப்பிள்ளைகூட லீவு போட்டிருந்தார். உன் மடியில் சிவப்பு நோட்டு தெரிந்ததும் நான் கையைத் தட்டிவிட்டேன், பாருடி பாருடி அதுதான் என்று தையல்காரி தோளைப் பிடித்து உலுக்கினேன். அங்கே ஒரே மழை. மரங்களுக்கு நடுவே வண்டி வருகிறது, பேசுகிறவர் கத்துகிறார், உள்ளே நீ வாசிக்கிற சத்தத்தை அவன் போடவே இல்லை, திடீரென்று வண்டி திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய் ஓடைக்குள் விழுந்தது. உடனே விளம்பரம். சோப்பு விளம்பரம். நான் அந்த சோப்பை இனிமேல் தொடமாட்டேன். விளம்பரம் முடிந்து நீங்கள் இரண்டு பேரும் நடந்து வருவதைக் காட்டுகிறவரைக்கும் என் கையைத் தையல்காரி விடவில்லை, வாயாடியானாலும் அவள் மனுஷி. அப்புறம் ஓட்டுகிறவள் மைக்கில் சொன்னாள், வாலு வாசித்தாள், தப்பு என்னுடையது, அவள் சரியாகத்தான் சொன்னாள், நான் பிரேக்கை லேட்டாகப் பிடித்தேன் என்று. அவள் பின்னால் நீ நின்று ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன் முகத்தை முழுசாகப் பார்த்த இரண்டாவது தடவை அது. உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பேர் மட்டும் வேண்டும், பழி வேண்டாம் என்றால் எப்படி, இப்போது அவள் அம்மா என்ன சொல்வாள் பார்க்கலாம் என்று இருந்தது. நீ உயிரோடு நிற்கிறாய் என்ற சந்தோஷத்துக்கு அடியில் அதுவும் இருந்தது, சின்னதாக.

ஞாயிறு காலையில் மறுபடி போட்டான், பார்த்தேன். மத்தியானமும் போட்டான், அதையும் பார்த்தேன், அவள் தப்பை இன்னொரு தடவை பார்க்கத்தான் உட்கார்ந்தேன். வண்டிக்குள்ளிருந்து எடுத்த படம் வந்தது, சத்தம் இல்லாமல். கண்ணாடியில் ஆவி படிகிறது, நீ கையை நீட்டித் துடைத்தாய், அதே ஈர விரலால் தாளைப் புரட்டினாய். ஒரு தாள் புரண்டால் நாக்கு மாதிரி வளையும், இரண்டு தாள் சேர்ந்து புரண்டால் பலகை மாதிரி விழும், அது எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும், இருபத்தாறு வருஷம் அதைப் பார்ப்பதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். பலகை மாதிரி விழுந்தது. நீ அடுத்த பக்கத்தை விட்டுவிட்டு அதற்கடுத்த பக்கத்தை வாசித்தாய். ரெண்டு என்று சொல்லவேண்டிய இடத்தில் ஆறு என்றோ ஏதோ சொல்லியிருப்பாய், அவள் உன்னை நம்பிப் போய்விட்டாள், நம் மாப்பிள்ளை பீரோவில் போய் இடித்த மாதிரி.

முதலில் எனக்கு வந்தது கோபம், அதுவும் அவள்மேல். ஏழாம் வகுப்பில் நீ பள்ளிக்கூடம் போகாமல் மெக்கானிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது காய்ச்சல் என்று டீச்சரிடம் போய்ச் சொன்னது யார், உன் அப்பாவிடம் தையல் கிளாஸ் என்று சொல்லி உன்னை வண்டி ஓட்டப் பழக அனுப்பியது யார். உனக்காகப் பொய் சொல்வது என் வேலை. நாற்காலியை எடுத்துக்கொண்டார்கள், மைக்கை எடுத்துக்கொண்டார்கள், கட்டிலுக்கு மேலே சுவரைக்கூட எடுத்துக்கொண்டார்கள், கடைசியில் அந்தப் பொய்யையும் அவள் எடுத்துக்கொண்டாள், அதுவும் கண்ணிமைக்காமல் எவ்வளவு நேர்த்தியாகச் சொன்னாள். நான் சொன்னால் காது சிவந்துவிடும். அந்தப் பொறாமையோடுதான் டீ போட எழுந்தேன். அடுப்புப் பக்கம் ஈரக் கையை முந்தானையில் துடைக்கும்போது உறைத்தது. ஈர விரலில் ஜோடி சேர்வது எந்தத் தாள்? வழவழப்பான மெல்லிசுத் தாள். சொரசொரப்புத் தாளாக இருந்திருந்தால் நீ ஓடைக்குள் கையை முக்கிவிட்டுப் புரட்டினாலும் ஒற்றை ஒற்றையாகத்தான் வரும். டீ பொங்கி வழிந்தது. விழுந்த மறுநாள் போனில் நீ என்னிடம் என்ன சொன்னாய், நோட்டு தண்ணில போயிடுச்சும்மா, எல்லாரும் அழகா இருக்குன்னு சொன்னாங்க என்று சொன்னாய். அவள் உனக்காகப் பொய் சொன்னாள், நீ எனக்காகச் சொல்லியிருக்கிறாய். நான்தான் யாருக்காகவும் சொல்லாமல் கையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது காரணம் சொல்கிறேன். நேற்று டிவியில் கண்ணாடி போட்ட ஒரு நிபுணர் சொன்னார், ஓட்டுகிறவளுக்கு மழை என்றால் பயம் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை டீம் கூடிப் பேசி அவளை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடப்போகிறார்கள் என்று. உள்ளே பேசுவதைப் பதிகிற பெட்டியும் நனைந்து வீணாகிவிட்டது என்று நீயே சொன்னாய், ஆக நீ வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதனால்தான் திறக்கவேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் உங்கள் டீம் பெரியவரிடம் போய் உட்கார்ந்து சொல், இரண்டு தாள் சேர்ந்து புரண்டது, நான்தான் தப்பாக வாசித்தேன், நோட்டு என் அம்மா தைத்தது என்று. உன்னை எடுத்தாலும் எடுத்துவிடுவார்கள், எடுத்தால் எடுக்கட்டும், வீட்டுக்கு வா, வாலு சுவரில் இடம் இருக்கிறது. உன்மேலும் தப்பு உண்டு, நல்ல நோட்டு பையில் இருக்கும்போது அம்மா மனசு நோகுமே என்று ஆகாத நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறலாமா. பெரிய தப்பு என்னுடையது. மூன்று வருஷமாக அவள் பேரில் உனக்குப் பாதி கொடு என்று டிவியோடு சண்டை போட்டவள் நான், இப்போது பழியை மட்டும் முழுசாக அவள் தலையிலேயே விட்டுவிட்டால் அப்புறம் நான் எந்த வாயால் சண்டை போடுவது. அவள் அம்மாவிடமும் சொல்லிவிடு. அந்த அம்மாவை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, அந்த ஒற்றைச் சொட்டுக் கண்ணீரை நான் நம்பவும் இல்லை, ஆனால் மகளைப் பொய் சொல்லாதபடிதான் வளர்த்திருப்பாள், என் நோட்டால் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

புது நோட்டு ஒன்று பார்சலில் வருகிறது. பழுப்புத் தாள், சொரசொரப்பு, சாம்பல் அட்டை, டிவியில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. சிவப்புத் துணி கொஞ்சம் மிச்சம் இருந்தது, அட்டைக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன், நீ திறந்தால் உனக்கு மட்டும் தெரியும். பிடிக்காவிட்டால் ஸ்பைரலையே வைத்துக்கொள், இந்தத் தடவை கோபிக்கமாட்டேன், கொஞ்சம் கோபிப்பேன், கண்டுகொள்ளாதே.

உனக்கும் அவளுக்கும் இனி வருகிற வளைவெல்லாம் ஆறாகவே இருக்கட்டும், மேட்டுக்கு அந்தப் பக்கம் எப்போதும் ரோடு இருக்கட்டும், தோள்பட்டைக்கு ஒத்தடம் கொடு, வண்டியில் ஏறுமுன் தாளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார். ஒன்று மட்டும் மறக்காதே. இது டிவியில் சொல்லும்படி ஆனால் மைக்கில் நீயே சொல், நோட்டு என் அம்மா தைத்தது என்கிற இடத்தில் என் பேரையும் சேர்த்துத் தெளிவாகச் சொல். கீழே எழுத்து போடுகிறவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வை, அந்த வரியை மட்டும் கொஞ்சம் மெதுவாக ஓடவிடச் சொல், நான் வாலுவைக் கேட்காமல் நானே படித்து முடிக்கவேண்டும்.

இப்படிக்கு,
அந்த நோட்டைத் தைத்த
உன் அம்மா