நாலு கார்டும் ஜெயந்தினியின் முன்னறையும்

2025 ஆகஸ்ட் 17, ஞாயிறு

நாலாவது கார்டும் வந்து சேர்ந்தது. பதுளையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அலவிதான் தேடிப் பிடித்துக் கொடுத்தான். கொழும்பில் யாரோ பிட்காயின் மாதிரிக் காசு தோண்ட ஓட்டிக் களைத்துப்போய் விற்றவை. கேம் விளையாடுகிற பிள்ளைகள் இப்படி ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு ஏங்கிக் கிடக்கும். எனக்கு நாலு!

"ஒரே கம்ப்யூட்டர்ல நாலையும் மாட்டினா அந்த ரூமுக்குள்ள இருக்க ஏலாது கஜா. அவ்வளவு சூடு" என்றான் அலவி.

யாரிடம் சொல்கிறான்? நான் தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கிற ஃபேக்டரியில், எலக்ட்ரீசியன். கொழுந்தை ஈரம் போகக் காற்றில் வாட்டும் மேல்மாடியில் ஆளையே தள்ளுகிற ஃபேன்களைப் பிரித்துப் பூட்டுகிறவன். காற்றைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 18

என் வீட்டுக்காரி ஜெயந்தினி இன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "இது என்னத்துக்குங்க?"

சொன்னேன். வெளிநாட்டில் மருந்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் பெரிய கணக்கைச் சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரித்து இன்டர்நெட்டில் போடுகிறார்கள். விரும்பினவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வாங்கிப் போட்டு, முடித்துத் திருப்பி அனுப்பலாம். எங்கள் ஹாலிஎலயிலிருந்தும் அனுப்பலாம்.

"சம்பளம்?"

"இல்ல. புள்ளி தருவாங்க."

"அந்தப் புள்ளிய வச்சு?"

"ஒண்ணும் இல்ல. பேரு ஏறும்."

அவள் என்னைப் பார்க்கவில்லை, அறையைப் பார்த்தாள். தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டை விட்டு இந்தத் தனி வீட்டுக்கு வந்த அன்றே, முன்னறை உன் தையலுக்கு என்று சொன்னவன் நான்தான். இப்போது அங்கே பலகையும் கம்பி வலையும் கிடக்கிறது. அவளுடைய தையல் மெஷின் குசினிக்குள் அடுப்புப் புகையில் நிற்கிறது.

"அக்டோபர் பொறந்தா தீபாவளி ப்ளவுஸ் வர ஆரம்பிச்சிரும். செப்டம்பர் கடைசி வரைக்கும் பாக்குறேன். ஒழுங்கா ஓடலன்னா நானே தூக்கி வெளிய வச்சிருவேன்."

வைக்க மாட்டாள். ஓடும்.

ஆகஸ்ட் 24

முடிந்தது. சும்மா சொல்லக்கூடாது, அழகாக வந்திருக்கிறது.

எங்கள் ஸ்டோரின் வாட்டும் தொட்டியே மாதிரி. அங்கே நீளத் தொட்டி, மேலே கம்பி வலை, வலையில் கொழுந்து, அடியிலிருந்து ஃபேன் காற்று. இங்கே பலகைப் பெட்டி, மேலே கம்பி வலை, வலையில் நாலு கார்டும் தங்கள் சின்ன ஃபேன்கள் கீழே பார்க்கிறபடி வரிசையாக. பெட்டிக்குள் ஒரு பழைய ஃபேன். மெஷினுக்கென்று தனி வயர், தனி பிரேக்கர். ஃபேனுக்குத் திருப்புற சுவிட்சும் வைத்தேன். ஸ்டோரில் பாதி நேரம் காற்றை மேலே தள்ளுவோம், பாதி நேரம் கீழே இழுப்போம். அப்போதுதான் ரெண்டு பக்கமும் சமமாக இருக்கும்.

பொட்டலம் வாங்குகிறவர்கள் இன்டர்நெட்டில் அணியாகப் பதியலாம். என் அணிக்கு, எங்கள் மாகாணத்துப் பேரையும் சேர்த்து, 'ஊவா மேல்மாடி' என்று பெயர் பதிந்தேன். உறுப்பினர் ஒருவர்.

ஆகஸ்ட் 25

முதல் பொட்டலம் போய்விட்டது. வேலைக்கு நடந்து போகும்போது காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. காரணமில்லாமல் என்ன, காரணம் இருக்கிறது. இந்த மலையிலிருந்து எந்தக் காலமும் கொழுந்துதான் போகிறது. அப்பா நிறுத்துப் போட்டார், நான் அரைக்கிற மெஷினைப் பார்க்கிறேன். இது வேறு. இது உள்ளங்கையில் கறை படாமல் போகிற வேலை, நான் கட்டிய மெஷின் செய்கிற வேலை. எனக்கு வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 3

பின்னேரம் வந்து பார்த்தால் ரெண்டு கார்டு நின்று கிடக்கிறது. பொட்டலம் பாதியில் பழுதாகித் திரும்பியிருக்கிறது. காலையில் நன்றாகத்தானே ஓடியது?

செப்டம்பர் 4

அதே கதை.

செப்டம்பர் 6, சனி

நின்ற ரெண்டு கார்டையும் தூக்கிக்கொண்டு அலவி கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "செத்த கார்டை என் தலையில கட்டிட்டியே" என்றேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவன் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. "ரெண்டையும் வச்சிட்டுப் போ" என்றான். அவ்வளவுதான்.

சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

செப்டம்பர் 13

அலவி கூப்பிட்டான். ரெண்டு கார்டையும் வாரம் பூராகக் கடையில் ஓட்டிப் பார்த்தானாம். ஒரு தரமும் நிற்கவில்லையாம். "கார்டு நல்லம். உன்ட வீட்டுலதான் என்னமோ இருக்கு."

என் வீட்டில் என்ன இருக்கு? வயரைப் பார்த்தாச்சு, பிளக்கைப் பார்த்தாச்சு, கரண்ட் சரி, தகரத்துச் சூட்டுக்குக்கூடக் கூரைக்கடியில் சாக்கு கட்டியாச்சு. வேற என்னதான்டா பாக்குறது? ஜெயந்தினி நாள்காட்டியை ஒரு தரம் பார்த்தாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

கார்டுகளைத் திரும்ப மாட்டி ஓட்டினேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல ஃபேன் சுவிட்சைத் திருப்பினேன். வேலை நாளிலும் காலையில் காற்றை மேலே தள்ளவிட்டு, சாப்பாட்டுக்கு வந்து கீழே இழுக்கத் திருப்பிவிட்டுத்தான் போவேன். ஜெயந்தினி வாசற்படியில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்க தினமும் அத திருப்புறீங்க?"

"ரெண்டு பக்கமும் சமமா வாடணும்ல."

ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கொழுந்து வாடணும், சரி. இது எதுக்குங்க வாடணும்?"

குனிந்து பெட்டியின் அடியைப் பார்த்தேன். கார்டின் சின்ன ஃபேன் ஒவ்வொன்றும் கீழிருந்து காற்றை உறிஞ்சுகிறது. சுவிட்சைத் திருப்பினால் என் பெரிய ஃபேன் அந்தக் காற்றைப் பிடுங்கிக் கீழே இழுக்கிறது. பாவம், நாலும் மத்தியானத்திலிருந்து மூச்சு முட்டிக்கிட்டு கிடந்திருக்கு. தினமும் என் கையாலேயே முட்ட வச்சிருக்கேன். மடையன். வடிகட்டின மடையன்.

அவள் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்துவிட்டாள். நானும்தான்.

செப்டம்பர் 15

சுவிட்சைக் கழற்றியாச்சு. அலவியிடம் போய், ஆட்கள் இருக்கும்போதே மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தான்.

செப்டம்பர் 27

அன்றிலிருந்து ஒரு பொட்டலமும் பழுதாகவில்லை. ஓடும் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

செப்டம்பர் 30

இன்று கெடு. ஜெயந்தினி அதைப் பற்றிப் பேசவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஜெயித்துவிட்டேன், ஆனால் அவள் மெஷின் குசினியில்தானே நிற்கிறது? சொன்ன வாக்கு என்ன ஆச்சு?

வலையை நடுவில் வெட்டிப் பெட்டியை இரண்டு தட்டாக்கி மூலையில் நிறுத்தினேன். தையல் மெஷினை நானே தூக்கி வந்து ஜன்னலோரம் வைத்தேன். வெளிச்சம் நன்றாக விழுகிறது. "இடுப்பு பிடிச்சிக்கப் போகுது" என்றாள். பிடித்துக்கொண்டது.

அக்டோபர் 9

ப்ளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் மூலையைப் பார்த்து என்ன என்று கேட்கிறார்களாம். "என்ன சொன்ன?" என்றேன். "மருந்துக்குக் கணக்குப் போடுதுன்னேன். வேற என்ன சொல்ல?" திரையில் எது சூடு, எது புள்ளி என்று இப்போது கேட்டுக்கொள்கிறாள். தைக்கும்போது பக்கத்தில் சும்மா ஓடுவதைப் பார்த்தால் என்னவென்று தெரிய வேண்டாமா என்கிறாள்.

அக்டோபர் 16

மத்தியானம் இடியோடு மழை. கரண்ட் போனது. ரோட்டில் மரம் விழுந்து வீட்டுக்குப் போக முடியவில்லை, ஸ்டோரிலேயே மாட்டிக்கொண்டேன். கரண்ட் வந்ததும் மெஷினை எப்படிப் போடுவது என்று சொல்ல அவளைப் போனில் கூப்பிட்டேன்.

"அது எப்பவோ ஓடுது. மூணாவதுதான் எழும்பல. பிளக்கக் கழட்டி மாட்டினேன், வந்துருச்சு."

நம்பிக்கையில்லாமல் போனில் அணிப் பக்கத்தைத் திறந்தேன். உறுப்பினர் இருவர். என் பேருக்குக் கீழே ஜெயந்தினி.

திரும்பக் கூப்பிட்டேன். "என்னடி, பேரு மாறிக் கெடக்கு?"

"மாத்திட்டேன். ரூம் யாரோடது?"

"உன்னோடதுதான்."

"அப்ப ரூமுக்குள்ள ஓடுறது என் பேர்ல ஓடட்டும். வாடகைன்னு வச்சுக்குங்க."

நாலு கார்டும் அவள் பேரில். ஒன்றுகூட எனக்கு விடவில்லை. கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. மழை விடும் வரைக்கும் மேல்மாடி ஜன்னலில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேருக்கு நேரே முதல் புள்ளி விழுந்தது.