கம்பளிக்குள் இருந்த கடவுச்சீட்டு

பெரியப்பா,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு நல்ல பெயர் கிடைக்காத இடத்தையும் விடப்போவதில்லை.

போன வாரம் அம்மா, மழைக்கும் குளிருக்கும் நீங்கள் போர்த்திக்கொள்ளும் கம்பளியை வெயிலில் விரித்தாள். ஈரமும் விறகுப் புகையும் கலந்த அந்த வாசம் வாசல்வரை வந்தது. உள்மடிப்பில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் பிரிந்து கிடந்தது. அம்மா ஊசி தேடினாள். தைக்க வேண்டாம் என்றேன்.

நீங்கள் எங்களுக்கு இரத்த உறவில்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், இந்த லயத்தில், உங்கள் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுதான் உறவு. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பாடசாலை விட்டு வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. என்னைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டீர்கள். புத்தகம் போல ஏதோ ஒன்று விறைப்பாகக் கன்னத்தில் உரசியது.

"என்னா பெரியப்பா இது?"

"என் தலையெழுத்து. கைய வைக்காத."

"தலையெழுத்த யாராச்சும் தச்சு வைப்பாங்களா?"

"வாய்தான் உனக்கு நீளம்," என்று தலையில் குட்டினீர்கள்.

போன வருடம் தோட்டத்து மண்டபத்துக்குச் சட்ட உதவி நடமாடும் சேவை வந்தது. அறுபது வயது தாண்டியும் உங்களிடம் அடையாள அட்டை இல்லை. பொலிஸ் மறித்தால் காட்ட ஒன்றுமில்லை என்று பக்கத்து ஊரான நோர்வூட்டைத் தாண்டிப் போகவே மாட்டீர்கள். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சட்டத்தரணி மிஸ் சொன்னார். என் கையெழுத்து அழகு என்பதால் படிவத்தை நான்தான் நிரப்பினேன். எப்போதாவது இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றீர்களா என்றொரு கேள்வி இருந்தது.

"இல்லைன்னு எழுது."

"நெசமாவா?"

"எழுது புள்ள."

எழுதினேன். கீழே நீங்கள் சத்தியம் செய்து கையொப்பமிட்டீர்கள். உண்மையைச் சொல்வதென்றால், அந்த 'இல்லை'யை எழுதும்போது மழையில் என் கன்னத்தில் உரசியது எனக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தும் எழுதினேன்.

நாலு மாதம் கழித்துச் சிங்களத்தில் கடிதம் வந்தது. வாசித்துச் சொன்னவளும் நான்தான். கடவுச்சீட்டுப் பெற்றவர்களின் பழைய பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதாம், நுவரெலியாவுக்கு விசாரணைக்கு வர வேண்டுமாம். மிஸ் தொலைபேசியில் பதறினார். "பொய்ச் சத்தியம்னு முடிவு பண்ணிட்டா விண்ணப்பமே போயிரும், பெரியவரே. அதுக்கு மேல வழக்கும் வரலாம். இருந்தா கொண்டு வாங்க. பயப்படாதீங்க."

"இல்லாதத எங்க போயி கொண்டு வர்றது, மிஸ்?" என்றீர்கள்.

விசாரணை நாளில் துணைக்கு என்னைக் கூட்டிப் போனீர்கள். பஸ்ஸில் வியர்த்துக் கொட்டியும் கம்பளியைக் கழற்றவில்லை. அலுவலகத்தில் அதிகாரி பட்டியலைத் திருப்பிக் காட்டினார். "சீயா, மே ஒயாத?" என்றார். தாத்தா, இது நீங்களா என்று மிஸ் தமிழில் சொன்னார்.

"அந்தப் பேருல நெறையப் பேரு இருப்பாங்க."

"அப்பா பேரும் தோட்டமும் ஒன்னாத்தானே இருக்கு?" அதிகாரி கேட்டதை மிஸ் தமிழில் சொன்னார்.

நீங்கள் கம்பளியை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டீர்கள். அதிகாரி பேனாவைத் திறந்தார். என்ன எழுதப் போகிறார் என்று மிஸ்ஸின் முகத்திலேயே தெரிந்தது.

"மிஸ், இருக்கு," என்றேன். "கம்பளிக்குள்ள இருக்கு."

அறையில் எல்லோரும் உங்களைப் பார்க்க, நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "காட்டிக் குடுத்துட்டியே புள்ள," என்றீர்கள், மிகவும் மெதுவாக. பிறகு கம்பளியைக் கழற்றி மடிமேல் வைத்து, அந்த மேசைக்கு முன்னாலேயே தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தீர்கள். நூல் சுலபத்தில் அறுபடவில்லை. கத்தரி வேண்டுமா என்று அதிகாரி கேட்டார், உங்கள் காதில் விழவில்லை. பொலித்தீன் சுற்றிய கடவுச்சீட்டை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தீர்கள்.

"இது வச்சிருந்தவங்களத்தான் மிஸ், லயத்துக்கு வந்து புடிச்சி, இந்தியாவுக்கு அனுப்ப லொறியில ஏத்துனாங்க. எங்க அக்காவ ஏத்துனப்ப நான் தேயிலைக்குள்ள படுத்துக் கெடந்தேன். ஒரு கடுதாசி வரல அவகிட்டருந்து."

மிஸ் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "நாட்டை விட்டுப் போனதா ஒரு முத்திரைகூட இல்ல. நீங்க இங்கேயேதான் இருந்தீங்கன்னு இதுவே சொல்லுது. பாஸ்போட் எடுத்தவங்களுக்கு வேற படிவம் இருக்கு, பெரியவரே. முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது." ஏன் மறைத்தீர்கள் என்று ஒரு சத்தியக் கடதாசியும் புதிய படிவமும் அங்கேயே எழுதினார்கள். இம்முறை என்னை எழுதச் சொல்லவில்லை. அதிகாரி முத்திரை குத்தி, கடிதம் வரும் என்றார்.

திரும்பும் வழியில் ஹட்டனில் வடை வாங்கி, பேசாமலே என் கையில் வைத்தீர்கள். அது கோபமா, மன்னிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிரஜாவுரிமைச் சான்றிதழ் வந்த அன்று இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டீர்கள். பிறகு, "அப்ப இனிமே லொறி வராதா?" என்றீர்கள்.

"வராது பெரியப்பா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

மூன்றாம் முறையும் வாசித்தேன். அடையாள அட்டைக்குப் படம் பிடித்து வந்த அடுத்த மாதம் நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்விட்டீர்கள். நான் செய்தது சரியா என்று உங்களிடம் கேட்காமலே இருந்துவிட்டேன்.

இப்போதும் நடமாடும் சேவை வரும் நாட்களில் நான் போய்ப் படிவம் நிரப்புகிறேன். காட்டிக் குடுத்துட்டியே என்று நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தை கூடவே வருகிறது. இன்று பூண்டுலோயாவிலிருந்து வந்த ஓர் அம்மா, அதே கேள்விக்கு, "இல்லைன்னு எழுதும்மா," என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டு, உங்கள் பெயரைச் சொல்லாமல் உங்களுக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் பையை மடியில் இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். நான் அவரைக் காட்டிக் கொடுக்கப் போவதில்லை. அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். மற்றவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். நேரமாகிவிட்டது என்று மண்டபத்துக் காவல்காரர் குரல் கொடுத்தார். நாங்கள் எழவில்லை. காவல்காரர் விளக்குகளை அணைத்தார்; அந்த அம்மாவின் கை இன்னும் பையின் மேலேயே இருந்தது, நான் பேனாவைத் திறக்கவில்லை.