மெக்சிக்கன் பகிடி 3

சித்தப்பா,

அம்மா இன்று உங்கள் அலுமாரியைத் திறந்துவிட்டார். மூன்று மாதமாக யாரையும் தொட விடாமல் வைத்திருந்தவர், காலையில் ஒரு கறுப்புப் பையை என் கையில் தந்து, "நீயே பார்த்து எடு. எனக்கு ஏலாது" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். உங்கள் வேலை ஜாக்கெட்டை எடுத்தேன். ரயில் பெட்டி கழுவுகிற அந்த எலுமிச்சை மருந்து இன்னும் மணக்கிறது. உள்பையில் ஓர் இறுவட்டு இருந்தது. அதன் மேல் கறுப்புப் பேனையால் உங்கள் உருண்டைக் கையெழுத்து: மெக்சிக்கன் பகிடி 3.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. உங்களிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நான் இரண்டு வருடமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் அதற்குள் செத்துப்போனீர்கள். கேள்வி இதுதான்: அன்றைக்கு அந்த மேடையில் நான் உங்களை வைத்துத்தான் பகிடி விட்டேன் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

இந்த வரிசையில் முதலாவது இறுவட்டு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு சோபாவில் கிடந்தேன். அப்பா தான் வேலை செய்கிற ஸ்தவாங்கர் நகரத்திலிருந்து போன் எடுத்தால் என்னோடு கதைக்க மாட்டார். அம்மாவோடு என்னைப் பற்றிக் கதைப்பார். அம்மா கோயிலுக்குப் போவதையே நிறுத்தியிருந்தார், அங்கே எல்லாரும் பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார்கள் என்று. வீட்டில் என்னை ஒன்றும் கேட்காத ஒரே ஆள் நீங்கள். காலை வேலை முடிந்து இரண்டு மணிக்கு வருவீர்கள், சோற்றைப் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து இருப்பீர்கள். அப்படி ஒரு நாள் இறுவட்டை என்னிடம் நீட்டினீர்கள்.

"என்னோடை வேலை செய்யிற சிலி நாட்டுக்காரன் தந்தவன். அமெரிக்காவிலை இருக்கிற மெக்சிக்கன் ஆக்களின்ரை பகிடியாம். நீ பார்த்து எனக்குச் சொல்லு."

"உங்களுக்கு இங்கிலீசும் தெரியாது, ஸ்பானிசும் தெரியாது. ஏன் சித்தப்பா வாங்கினனீங்கள்?"

"அவன் ஆசையாத் தந்தவன். பார்க்காமல் எப்பிடி நல்லாயிருந்தது எண்டு சொல்லுறது?"

அதில் ஒரு மொட்டைத் தலையர் வந்தார். பெற்றோர் எல்லை தாண்டி வந்து ஒரு ஹோட்டலில் துப்புரவு வேலை செய்தவர்களாம். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. தாய்க்கு ஆங்கிலம் தெரியாது, ஆகவே மகன்தான் மொழிபெயர்ப்பாளர். ஆசிரியை அந்த மகனைப் பற்றி வாய் கிழியக் குறை சொல்கிறார். மகன் தாயின் பக்கம் திரும்பி, "என்னைப் போல ஒரு மாணவனைத் தான் கண்டதே இல்லையாம்" என்கிறார். மண்டபம் நிறைய ஆயிரக்கணக்கில் சனம். எல்லாரும் உருண்டு சிரித்தார்கள்.

நான் உங்களுக்குச் சொல்லி முடித்தேன். நீங்கள் சோற்றுக் கையோடு என்னையே பார்த்தீர்கள்.

"அப்ப, நான் கொம்மாவுக்குப் பதிலா உன்ரை பள்ளிக்கூடத்துக்கு வந்தண்டைக்கு வாத்தியார் சொன்னதும் உப்பிடித்தானோ?"

அன்றைக்கு ஆசிரியர் சொன்னது, இவள் ஒரு இடத்தில் இருக்க மாட்டாள், யாருக்கும் அடங்க மாட்டாள் என்று. நான் உங்களுக்குச் சொன்னது, நல்ல சுறுசுறுப்பாம் என்று. நீங்கள் எழுந்து நின்று, அவருக்கு இரண்டு கையாலும் கை கொடுத்து, "தாக், தாக்" என்று நோர்வே மொழியில் நன்றி சொன்னீர்கள்.

"எனக்கு அண்டைக்கே விளங்கினது, பிள்ளை" என்றீர்கள். "நல்லது சொல்லுற ஆளின்ரை முகம் அப்பிடி இராது."

பிறகு சிரிக்கத் தொடங்கினீர்கள். சோறு புரைக்கேறி, நான் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. "இது எங்கடை வீட்டுக் கதையெல்லோ! உவனுக்கு ஆர் சொன்னது?"

இந்த ஒரு வார்த்தையைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நல்லது சொல்கிற ஆளின் முகம் அப்படி இராது. மொழி தெரியாவிட்டாலும் முகம் பார்த்து அறிகிற ஆள் நீங்கள். அப்படியென்றால் நான் மேடையில் நின்ற அன்றைக்கும் சனத்தின் முகங்களைப் பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது இறுவட்டில் ஒரு பெண். தன் அண்ணன்மாரைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தாள். நடுவில் ஸ்பானிசுக்கு மாறுவாள், விளக்கம் சொல்ல மாட்டாள். தெரிந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள், தெரியாதவர்கள் பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதைப் பார்த்த அன்றைக்குத்தான், இது எனக்கும் ஏலும் என்று நினைத்தேன். அம்மாவிடம் சொன்னேன். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாற்றை பிள்ளையளும் டொக்டருக்குப் படிக்குதுகள். என்ரை பிள்ளை வெள்ளைக்காரருக்குப் பகிடி விடப் போகுதாம்" என்றார், மீனைப் பார்த்து.

மூன்றாவதில் ஒரு தடித்த மனிதர், தன் மாமனைப் பற்றி. கழுத்தை உள்ளே இழுத்து, தோளைக் குறுக்கி, ஒரு நொடியில் அந்த மாமனாகவே ஆகிவிடுவார். எனக்கு வேண்டியது அதுதான். அரைவாசி பார்த்தேன், நிறுத்தினேன், கண்ணாடி முன்னால் போய் நின்றேன். எனக்கு மாமன் இல்லை. நீங்கள் இருந்தீர்கள்.

உங்களுக்கு ஒரு பழக்கம். வேலையிடத்து மேலாளர், உங்கள் வாயில் 'ஷெஃப்', போன் எடுத்தால் எழும்பி நிற்பீர்கள். சட்டையின் மேல் பொத்தானைப் போடுவீர்கள். பிறகுதான் பேச்சு: "யா, யா. தாக், தாக்." ஒருமுறை கேட்டேன்.

"ஏன் சித்தப்பா எழும்புறீங்கள்? அவருக்குத் தெரியவே போகுது?"

"தெரியாதுதான். ஆனா இருந்துகொண்டு கதைச்சா என்ரை குரல் வேறை மாதிரி வருது."

என் பகிடிக்கு நான் அந்தப் பதிலை எடுக்கவில்லை. எழும்புவதையும் பொத்தானையும் தாக் தாக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நகரத்தில் குரூன்லான்ட் என்ற பகுதியில் ஒரு பியர்க்கடையின் கீழ்த்தளம். வியாழன் மாலைகளில் புதியவர்களுக்குப் பகிடி சொல்ல ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். உங்களிடம் மட்டும் சொன்னேன், வர வேண்டாம் என்றும் சொன்னேன்.

"அங்கை முழுக்க நோர்ஸ்க். உங்களுக்கு விளங்காது."

"நீ மேடை ஏறேக்கை எங்கடை பக்கத்திலை ஒரு ஆள் இருக்க வேண்டாமோ?"

யூன் மாதம், மாலையிலும் வெளியில் பளிச்சென்ற வெயில். நீங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு கடைப் பையோடு கடைசி வரிசையில் இருந்தீர்கள். முப்பது நாற்பது நோர்வேக்காரர். நான் ஏறினேன். முதல் இரண்டு நிமிடம் ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்றாவது நிமிடத்தில் உங்களை எடுத்தேன். என் சித்தப்பா எங்கள் மொர்டென்ஸ்ருட் வீட்டுக் குசினிக்குள் நின்று மேலாளரோடு எப்படிக் கதைப்பார் தெரியுமா? கழுத்தை இழுத்தேன், பொத்தானைப் போட்டேன். "யா, யா. தாக், தாக்." குளிக்கும்போது போன் வந்தால் துவாயை நேராகக் கட்டிக்கொண்டு நிற்பார் என்றேன். அது பொய். நீங்கள் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. ஆனால் அதற்குத்தான் சனம் மேசையில் அடித்துச் சிரித்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

எங்கள் கலைவிழாக்களில் நடுவில் யாரும் கைதட்டுவதில்லை. கைதட்டினால் நிகழ்ச்சி முடிந்தது. முடிந்தால் யாராவது ஒரு பெரியவர் ஏறிப் பொன்னாடை போர்த்துவார். நாலு வயதுப் பிள்ளை பாடினாலும் போர்த்துவார். அந்தப் பொன்னாடைப் பையை மண்டபம் மண்டபமாகத் தூக்கித் திரிந்தவர் நீங்கள். எடுத்துக் கொடுப்பீர்கள். போர்த்துவது வேறு ஆட்கள். யாரும் உங்களை மேடைக்குக் கூப்பிட்டதில்லை.

கடைசி வரிசையிலிருந்து நீங்கள் எழும்புவதைக் கண்டேன். சட்டையின் மேல் பொத்தான் போட்டிருந்தது. பியர்க் குவளைகளுக்கு நடுவால், ஒவ்வொருவருக்கும் தலை குனிந்து வழி கேட்டு, மேடையில் ஏறினீர்கள். பையிலிருந்து தங்கக் கரை வைத்த பொன்னாடையை எடுத்து உதறி என் தோளில் போர்த்தினீர்கள். ஒலிவாங்கியின் வயர் அதில் சிக்கிக்கொண்டது. பிறகு சனத்தின் பக்கம் திரும்பி, கைகூப்பி, கழுத்தை இழுத்துச் சொன்னீர்கள்:

"தாக், தாக்."

சித்தப்பா, அந்தச் சிரிப்பைப் போல ஒரு சிரிப்பை நான் பிறகு கேட்டதில்லை. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணீரைத் துடைத்தாள். எல்லாம் நாங்கள் ஒத்திகை பார்த்து வைத்தது என்று நினைத்தார்கள். நான் சும்மா நின்றிருக்கலாம். உங்கள் கையைப் பிடித்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், விரலால் உங்களைக் காட்டி, நோர்ஸ்கில் சொன்னேன்: "பார்த்தீங்களா, நான் புளுகேல்லை."

கூரை இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

வரும்போது சுரங்க ரயிலில் எதிரெதிரே இருந்தோம். ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் ஜன்னலால் வெயில் உங்கள் முகத்தில் அடித்தது. பொன்னாடை என் முதுகுப் பைக்குள் சுருண்டு கிடந்தது. நீங்கள் சொன்னது இவ்வளவுதான்:

"கொஞ்சம் ஆறுதலாக் கதைக்கலாம், பிள்ளை. ஓடுறாய். மற்றும்படி சனம் நல்லாச் சிரிச்சுது."

நான் கேட்டிருக்க வேண்டும். மொர்டென்ஸ்ருட் கடைசி நிலையம், நேரம் நிறைய இருந்தது. கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் மேடை ஏறவுமில்லை. "ஏன் பிள்ளை போகேல்லை?" என்று ஒருமுறை கேட்டீர்கள். நேரமில்லை என்றேன். வேலையும் இல்லாமல் படிப்பும் இல்லாமல் சோபாவில் கிடந்தபடி, நேரமில்லை என்றேன்.

இரண்டு மூன்று கிழமை போயிருக்கும். குசினியில் இருந்தோம், ஷெஃப் போன் எடுத்தார். நீங்கள் முழங்காலில் கையை ஊன்றி எழும்பப் போனீர்கள். என்னைக் கண்டீர்கள். திரும்ப இருந்துவிட்டீர்கள். இருந்தபடியே கதைத்தீர்கள். குரல் வேறு மாதிரித்தான் வந்தது. அதற்குப் பிறகு போனுக்கு நீங்கள் எழும்பி நான் காணவில்லை.

அப்போது முடிவு கட்டினேன், உங்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது என்று. ஆனால் அந்த வருடக் கடைசியில்தான் வைத்தியர் உங்கள் கால் வீக்கத்தைப் பார்த்து, இதயத்தில் பிரச்சினை என்றார். அப்படியென்றால் கால் ஏலாமல்தான் இருந்தீர்களோ? அல்லது வெட்கப்பட்டா? ஒரு நாள் ஒன்றை நம்புவேன், மறுநாள் மற்றதை.

இன்று மத்தியானம் அந்த மூன்றாவது இறுவட்டைப் போட்டேன். நான் நிறுத்திய இடத்தைத் தாண்டியும் ஓடவிட்டேன். கடைசியில் அந்தத் தடித்த மனிதர், "என் மாமன் இங்கேதான் இருக்கிறார்" என்கிறார். முன்வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழும்புகிறார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேடையில் ஏறுகிறார். மருமகன் செய்து காட்டிய அதே மாதிரி, அதே குறுகிய தோள், ஸ்பானிசில் ஒரே ஒரு சொல். மண்டபம் முழுக்க எழும்பி நின்று தட்டுகிறது.

நான் சோபாவில் அப்படியே இருந்துவிட்டேன். இதை நீங்கள் எத்தனை தரம் பார்த்திருப்பீர்கள்? நான் இல்லாத பின்னேரங்களில் தனியாகப் போட்டுப் பார்த்தீர்கள் என்று அம்மா சொல்கிறார். அப்படியென்றால் அன்றைக்கு, கைதட்டலைக் கேட்டு நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று நினைத்து ஏறினீர்களா, அல்லது இந்தப் பகிடியில் மாமன் ஏறுவதுதான் முறை என்று தெரிந்தே ஏறினீர்களா? அந்தத் "தாக், தாக்" உங்களுடைய வழக்கமான நன்றியா, எனக்காக நீங்கள் நடித்ததா? என்னைக் காப்பாற்ற வந்தீர்களா? முதல் இரண்டு நிமிடம் என் முகத்தையும் நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்.

எனக்குத் தெரியவில்லை, சித்தப்பா. ஒன்று மட்டும் இறுவட்டில் தெளிவாகத் தெரிகிறது. கிழவருக்குச் சனம் கைதட்டும்போது அந்த மனிதர் ஒன்றுமே சொல்லவில்லை. ஒலிவாங்கியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, கைதட்டல் ஓயும்வரை நிற்கிறார். நான் பார்க்காமல் நிறுத்திய பாதி அதுதான்.

இறுவட்டு ஓடி முடிந்து கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. குரூன்லான்ட் பியர்க்கடை ஆள். இரண்டு வருடம் கழித்து என் இலக்கத்தை எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறார். அடுத்த மாதம் பத்து நிமிடம் தரலாமாம், ஆனால் அந்தச் சித்தப்பா பகுதி கட்டாயம் வேண்டுமாம். சால்வைக்காரரையும் கூட்டிக்கொண்டு வர ஏலுமா என்று கேட்டார். அவர் செத்துவிட்டார் என்றேன். மெல்லிய குரலில், அப்படியென்றால் என்ன செய்யலாம் என்றார்.

வருகிறேன் என்றேன். சித்தப்பாவைப் பற்றித்தான் சொல்வேன், ஆனால் அந்தத் துவாய்ப் பொய் வராது. பொன்னாடையையும், அவரை விரலால் காட்டி நான் சொன்ன அந்த வசனத்தையும் சொல்வேன். அதற்குச் சிரிப்பார்களோ தெரியாது. அந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் நிற்பேன், பரவாயில்லையா என்று கேட்டேன். பரவாயில்லை என்றார். நாளையும் நேரத்தையும் சொல்லத் தொடங்கினார்.

அம்மா குசினி வாசலில் வந்து நின்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன். நான் எழும்பி நின்றுகொண்டிருந்தேன். கை சட்டையின் மேல் பொத்தானைப் போட்டு முடித்திருந்தது. எப்போது எழும்பினேன் என்று தெரியவில்லை.

"யா, யா" என்றேன் போனுக்குள். "தாக், தாக்."